என் கையெழுத்து மட்டும் போதுமா, டாக்டர்?

ஏற்காட்டுக்கு மேலே, பேருந்து எப்போதாவது வந்து போகும் ஒரு கிராமத்திலிருந்து 26 வயதுப் பெண் ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

கணவர் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். இவர் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் வேலைக்குப் போகிறார். இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவளுக்கு 5 வயது, சின்னவளுக்கு ஒரு வயது நான்கு மாதம். நான்கு மாதங்களுக்கு முன்பு நாள் தள்ளிப்போனது. கணவர் சேலத்தில் ஒரு மெடிக்கலில் சீட்டு இல்லாமலே 'கலைக்கிற மாத்திரை' வாங்கி வந்து கொடுத்தார். சாப்பிட்டதும் மூன்று வாரம் ரத்தம் போனது. யாரிடமும் காட்டவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் ரத்தப்போக்கு அதிகம், கட்டி கட்டியாகப் போகிறது. மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது.

மாமியார், "ஒரு பையன் பொறக்கட்டும், அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்கிறார். சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கும் அம்மா, "ரெண்டு போதும், உடனே பண்ணிக்கோ" என்கிறார். கணவர், "நீ என்ன வேணா பண்ணிக்கோ, என்னை இழுக்காதே" என்று ஒதுங்கிக்கொள்கிறார். கருத்தடைக்காகக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர் டி நெஞ்சு வரைக்கும் ஏறிவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். நர்சம்மா கருத்தடை ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார்; ஆனால் ஊசி போட்டால் மாதவிடாய் நின்று கெட்ட ரத்தம் உடம்பிலேயே தங்கிவிடும் என்று பயம். சேலத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் கேட்டபோது, "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா, அவர் கையெழுத்து வேணும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசி வரியில் இப்படி எழுதியிருக்கிறார்: "மாத்திரை சாப்பிட்டதிலிருந்து அவர் கிட்ட வந்தாலே பயமா இருக்கு, வலிக்கவும் செய்யுது. இதையெல்லாம் கேட்கலாமான்னு தெரியல."

அன்புள்ள தங்கைக்கு,

தாராளமாகக் கேட்கலாம். கடைசியில் தயங்கி எழுதிய அந்த வரிக்கும் பதில் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் இத்தனை பேர் உங்கள் கர்ப்பப்பையைப் பற்றிப் பேசுகிறார்கள். நீங்கள் பேசுவது நடுவில் ஒரே ஒரு இடத்தில்தான்: "எனக்கு இப்போ குழந்தை வேண்டாம். அப்புறம் வேணுமா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணல." என் பதில் முழுக்க அந்த வரிக்குத்தான். இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று நினைப்பவருக்கு மருத்துவத்தில் நல்ல வழிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை அரசு மருத்துவமனையில் இலவசம். அம்மாவுக்கும் அத்தைக்கும் நடக்கும் இழுபறியை முடித்து வைப்பதற்காக 26 வயதில் நிரந்தரமான ஒரு முடிவை நீங்கள் எடுக்க வேண்டியதில்லை.

முதலில் இந்த ரத்தப்போக்கைப் பார்க்க வேண்டும்

கருத்தடை பற்றிய பேச்சு அடுத்த வாரத்துக்கு. இந்த வாரம் செய்ய வேண்டியது பரிசோதனை.

நீங்கள் சாப்பிட்டது பெரும்பாலும் மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்ற இரண்டு மருந்துகள் சேர்ந்த அட்டையாக இருக்கும். முதலாவது கரு வளரத் தேவையான ஹார்மோனைத் தடுக்கும். 36 முதல் 48 மணி நேரம் கழித்து எடுக்கும் இரண்டாவது, கர்ப்பப்பையைச் சுருக்கி உள்ளே இருப்பதை வெளியேற்றும். 9 வாரத்துக்குள், மருத்துவர் பார்வையில் எடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு முழுமையாகக் கலைந்துவிடும். மோசமான மருந்து இல்லை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து, அவ்வளவுதான்.

சீட்டு ஏன் வேண்டும்? எத்தனை வாரம் என்று தெரிய வேண்டும். கரு கர்ப்பப்பைக்குள் இருக்கிறதா, கருக்குழாயில் தங்கியிருக்கிறதா என்று தெரிய வேண்டும். குழாயில் தங்கிய கருவுக்கு இந்த மாத்திரை வேலை செய்யாது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. மலையிலிருந்து அந்த நிலையில் ஒரு பெண்ணைக் கீழே கொண்டுவந்து சேர்ப்பது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். உங்களுக்கு அப்படி எதுவும் நடக்காமல் போனது நல்ல காலம். அந்தக் கடைக்காரர் உங்களை அந்த ஆபத்தில்தான் தள்ளினார்.

மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரை ரத்தம் போவது வழக்கம், சிலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மாதம் வரைகூடப் போகும். அதனால் அந்த மூன்று வாரத்தை நினைத்து மட்டும் பயப்பட வேண்டாம். ஆனால் நான்கு மாதம் கழித்தும் கட்டி கட்டியாகப் போவதைச் சும்மா விடக் கூடாது. உள்ளே ஏதாவது துணுக்கு தங்கியிருக்கலாம், நோய்த்தொற்று இருக்கலாம். மாத்திரைக்குச் சம்பந்தமே இல்லாமல் தைராய்டு கோளாறோ கர்ப்பப்பையில் கட்டியோ காரணமாக இருக்கலாம். மறுபடி கரு தங்கி, நீங்கள் அதை மாதவிடாய் என்று நினைத்துக்கொண்டிருக்கவும் வாய்ப்புண்டு. கலைந்த பிறகு இரண்டு வாரத்துக்குள்ளேயே அடுத்த முட்டை வெளியாகிவிடலாம் என்பது பலருக்குத் தெரியாது.

எனவே சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், ரத்தத்தில் ஹீமோகுளோபின், ரத்த வகை இவ்வளவும் பார்க்க வேண்டும். ரத்தமும் சிறுநீரும் ஏற்காடு அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். ஸ்கேனுக்குக் கீழே போகச் சொன்னால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்குப் போங்கள். தினக்கூலியை விட்டுவிட்டு வீட்டில் ஒரு காரணமும் சொல்லிக் கிளம்ப வேண்டுமே என்று நினைப்பீர்கள். சின்னவளுக்கு 16 மாதம் ஆகிறது. 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய தடுப்பூசி அவளுக்குப் பாக்கி இருக்கும். அவளைத் தூக்கிக்கொண்டு போகிற அன்றைக்கே உங்களையும் காட்டிக்கொள்ளுங்கள்.

அங்கே நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். "மாத்திரை சாப்பிட்டேன், இத்தனை நாள் ரத்தம் போனது" என்று சொன்னால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. யாராவது முகம் சுளித்தாலும் அது அவர் குறை, அதற்காகத் திரும்பி வந்துவிடாதீர்கள். துணுக்கு தங்கியிருந்தால் மருந்தாலோ, உறிஞ்சி எடுக்கும் சிறிய சிகிச்சையாலோ சரிசெய்துவிடலாம். 'இனிமேல் குழந்தையே தங்காதோ' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருமுறை மாத்திரையால் கலைத்தது அப்படிச் செய்யாது. கவனிக்காமல் விட்ட நோய்த்தொற்றுதான் கருக்குழாயைக் கெடுக்கும். அதற்காகவும்தான் இப்போதே போகச் சொல்கிறேன்.

மூச்சு வாங்குவது ரத்தசோகையாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறையக் கூடாது. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் சாப்பிட்டவுடன் காப்பியோ டீயோ குடிக்காதீர்கள். அவை இரும்பை உடம்பில் சேரவிடாது. காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவரிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான், ஆனாலும் மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்தால் நன்றாகச் சேரும். ஒழுங்காகச் சாப்பிட்டும் மூன்று மாதத்தில் ஏறவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும். மலைவாழ் மக்களுக்கு அரசு செய்யும், பரம்பரையாக வரும் அரிவாள் செல் ரத்தசோகைக்கான பரிசோதனையை அப்போது கேட்டு வாங்குங்கள்.

இந்தப் பரிசோதனைக்கு முன்பே, பெரிய நாப்கின் இரண்டு ஒரே மணி நேரத்தில் நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே தொடர்ந்தால், அல்லது காய்ச்சல், நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல், தாங்க முடியாத அடிவயிற்று வலி, மயக்கம் இதில் ஏதாவது வந்தால், பேருந்துக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

யாருடைய கையெழுத்து?

உங்களுடையது மட்டும்.

காப்பர் டி, ஊசி, மாத்திரை எதற்கும் கணவர் கையெழுத்து வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. நிரந்தரக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குக்கூட, மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைப்படி, கணவன் அல்லது மனைவியின் சம்மதம் தேவையில்லை. செய்துகொள்பவர் சம்மதித்தால் போதும். கருக்கலைப்புக்கும் இதேதான். 1971-ம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம், 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவருடைய சம்மதத்தை மட்டும்தான் கேட்கிறது. மனநலம் பாதிக்கப்பட்டவராக இருந்தால் காப்பாளர் சம்மதம் வேண்டும். மற்றபடி கணவர், மாமியார், அம்மா யாரும் அதில் வர மாட்டார்கள். 2021-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது இன்னொன்றும் சேர்ந்தது. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரையும் விவரத்தையும் சட்டப்படி அதிகாரமில்லாத ஒருவரிடம் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கும்.

அப்படியானால் அந்தக் கிளினிக்கில் ஏன் கேட்டார்கள்? நாளைக்குக் கணவர் வீட்டார் வந்து சண்டை போடுவார்களோ என்ற பயம். எங்கள் தொழிலில் அந்தப் பயம் பரவலாக இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பயத்தின் விலையைப் பெண்கள் கொடுக்கக் கூடாது. திருப்பி அனுப்பப்பட்ட பெண்தான் அடுத்த தடவை மெடிக்கலில் போய் நிற்கிறாள்.

இனி யாராவது அப்படிக் கேட்டால், "எனக்கு வயது 26, சட்டப்படி என் சம்மதம் போதும், வேண்டுமானால் மறுப்பதை எழுதிக் கொடுங்கள்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். தனியாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரையே கூட்டிக்கொண்டு போகலாம். உங்களுக்கு ஊசியைப் பற்றிச் சொன்ன அதே நர்சம்மாதான். பக்கபலமாக நிற்கக்கூடிய ஆள் அவர் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. மருத்துவமனைக்குப் போகும் முன் சந்தேகம் கேட்க 104 என்ற அரசு உதவி எண்ணும் இருக்கிறது.

ஊசியைப் பற்றியும் காப்பர் டி பற்றியும் நீங்கள் கேள்விப்பட்டவை

கெட்ட ரத்தம் தங்கிவிடும் என்ற பயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு ஏற்ற வழி அநேகமாக அந்த ஊசிதான். மாதவிடாயில் போவது கெட்ட ரத்தம் அல்ல. கரு வந்தால் தங்குவதற்காகக் கர்ப்பப்பை மாதாமாதம் உள்ளே ஒரு சவ்வை வளர்க்கிறது. கரு வராதபோது அது உரிந்து ரத்தத்தோடு வெளியே வருகிறது. ஊசி போட்டால் அந்தச் சவ்வு தடிமனாக வளர்வதே இல்லை. பந்தலே போடாத இடத்தில் பிரிப்பதற்கு என்ன இருக்கிறது? உள்ளே எதுவும் தேங்குவதில்லை. உங்களைப் போல ரத்தம் அதிகம் இழந்தவருக்கு மாதவிடாய் குறைவதோ நிற்பதோ லாபம்தான்.

இதன் பெயர் 'அந்தரா'. 2017 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து பேருந்து வரவில்லை, குறித்த நாளில் போக முடியவில்லை என்றால் பதற வேண்டாம். நான்கு வாரம் வரை தாமதமானாலும் போட்டுக்கொள்ளலாம். பால் கொடுக்கும் தாய்மாரும் பிரசவமாகி ஆறு வாரம் கழித்துப் போடலாம். மாத்திரை அட்டை மாதிரி வீட்டில் ஒளித்து வைக்க வேண்டியதும் இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் சில மாதங்கள் ரத்தம் தாறுமாறாகச் சொட்டும். இதை முன்கூட்டியே சொல்லாததால்தான் பல பெண்கள் ஒரு ஊசியோடு நிறுத்திவிடுகிறார்கள். சிலருக்கு எடை கூடும். எலும்பின் உறுதி சற்றுக் குறையும், நிறுத்திய பிறகு திரும்பிவிடும். குழந்தை வேண்டும் என்று நிறுத்தினால் உடனே தங்காது. கடைசி ஊசியிலிருந்து ஏழு முதல் பத்து மாதம் ஆகலாம், சிலருக்கு இன்னும் கூடுதலாகும். உங்களுக்கு இப்போது அவசரம் இல்லாததால் இது பெரிய தடையாக எனக்குத் தோன்றவில்லை. ஒன்று மட்டும் முக்கியம்: உங்கள் ரத்தப்போக்குக்குக் காரணம் தெரியும் முன் ஊசியோ காப்பர் டியோ போடக் கூடாது.

காப்பர் டி நெஞ்சுக்கு ஏற வழியே இல்லை. கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்குப் பாதை கிடையாது. ஆயிரத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ, பொருத்தும்போது கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் போவதுண்டு. அதை ஸ்கேனில் கண்டுபிடித்து எடுத்துவிடலாம். அந்த அக்கா கேள்விப்பட்ட கதை இப்படி எங்கோ கிளம்பியிருக்கலாம். உண்மையில் காப்பர் டி மிக நல்ல சாதனம். 380ஏ வகை பத்து ஆண்டு வேலை செய்யும், 375 வகை ஐந்து ஆண்டு. எடுத்த உடனே கரு தங்கும் தகுதி திரும்பிவிடும். ஒரே ஒரு தடவை மலையிறங்கினால் போதும் என்பது உங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெரிய வசதி. ஆனால் முதல் மூன்று முதல் ஆறு மாதம் மாதவிடாயை அதிகமாக்கும், வலியையும் கூட்டும். ஏற்கெனவே ரத்தம் குறைந்து மூச்சு வாங்கும் உங்களுக்கு நான் இதை முதலில் சொல்ல மாட்டேன். ஹீமோகுளோபின் ஏறிய பிறகு யோசிக்கலாம். ரத்தப்போக்கைக் குறைக்கும் ஹார்மோன் சாதனமும் இருக்கிறது, தனியார் மருத்துவமனையில் சில ஆயிரம் ரூபாய் ஆகும்.

ஊசியே பிடிக்கவில்லை என்றால் 'சாயா' மாத்திரை இருக்கிறது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் நம் நாட்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. இதில் ஹார்மோன் கிடையாது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு நாள், அப்புறம் வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிட வேண்டும். சிலருக்கு இதில் மாதவிடாய் தள்ளிப்போகும். மறுபடி தங்கிவிட்டதோ என்று ஏற்கெனவே பயந்து கிடப்பவருக்கு அது தினமும் ஒரு கவலையாகிவிடும், அதனால்தான் ஊசிக்கு அடுத்தபடியாக இதை வைக்கிறேன். தினமும் சாப்பிடும் 'மாலா-என்' மாத்திரையும் நல்லதுதான், ஒரு நாளும் மறக்காமல் இருக்க முடிந்தால்.

கணவருக்குச் சொல்லாமல் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது, உங்கள் மருத்துவரும் செவிலியரும் அவரிடம் சொல்லக் கூடாது. பதிவேட்டில் உங்கள் சொந்தக் கைபேசி எண்ணை மட்டும் கொடுங்கள்; ஊசி அட்டையை நர்சம்மாவிடமே வைத்திருக்கச் சொல்லுங்கள். இருந்தாலும் உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்த பிறகு எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அவர் எதிர்க்கவில்லை, ஒதுங்குகிறார். "நீ என்ன வேணா பண்ணிக்கோ" என்று அவரே சொல்லிவிட்டார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, "சரி, நான் ஊசி போட்டுக்கிறேன், உங்கம்மா கேட்டா நீங்க பாத்துக்கோங்க" என்று சொல்லிவிடலாம். மாதவிடாய் நின்றால் அவரே கேட்பார், அப்போது மறைத்தது தெரிந்து மனஸ்தாபம் வருவதைவிட இது மேல். ஆனால் சொன்னால் அடிப்பார், வீட்டை விட்டு அனுப்பிவிடுவார் என்ற பயம் கொஞ்சமாவது இருந்தால் என் யோசனையை விட்டுவிடுங்கள். சொல்லாமலே போட்டுக்கொள்ளுங்கள், 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா சொல்லும் ஆபரேஷன்

அம்மாவின் அவசரம் எனக்குப் புரிகிறது. தமிழ்நாட்டில் கருத்தடை என்றாலே பெண்ணுக்கு ஆபரேஷன் என்றுதான் ஒரு தலைமுறையே பழகியிருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே திருமணமான பெண்களில் சுமார் 58 சதவீதம் பேர் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் செய்துகொண்டது 0.1 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆபரேஷன் பாதுகாப்பானதுதான். 22 வயது நிறைந்து, ஒரு வயது தாண்டிய குழந்தை ஒன்றாவது இருந்தால் செய்துகொள்ளலாம் என்று விதி. உங்களுக்கு இரண்டும் பொருந்தும். ஆனால் அதைத் திரும்ப மாற்றுவது கடினம், மாற்றினாலும் குழந்தை தங்கும் என்று உறுதி கிடையாது. முப்பது வயதுக்குள் செய்துகொண்டவர்கள்தான் பின்னாளில் அதிகம் வருந்துகிறார்கள். நீங்களே இன்னும் முடிவு செய்யவில்லை என்று எழுதியிருக்கும்போது நான் அதைச் சொல்ல மாட்டேன். ஒன்றிரண்டு வருடம் ஊசியில் இருந்து பாருங்கள். இரண்டு பிள்ளைகள் போதும் என்று மனதுக்கு உறுதியாகப் பட்டால் அப்போது செய்துகொள்ளலாம், கதவு மூடிவிடாது. ஆபரேஷன் செய்தவர்களிலும் இருநூறில் ஒருவருக்குக் கரு தங்கிவிடுவதுண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். செய்த பிறகு நாள் தள்ளினால் உடனே காட்ட வேண்டும், அந்தக் கரு குழாயில் இருக்கலாம்.

அந்த நாள் வரும்போது, கணவரையும் ஒருதடவை கேளுங்கள். ஆண்களுக்கான தழும்பில்லாக் கருத்தடை ஆபரேஷனில் வயிற்றைத் திறப்பதில்லை, மயக்க மருந்தும் கிடையாது. மரத்துப்போகும் ஊசி போட்டு இருபது நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். "பாரம் தூக்க முடியாது, ஆண்மை போயிடும்" என்று அவர் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். ஒரு வாரம் பாரம் தூக்காமல் இருந்தால் போதும், அப்புறம் வழக்கம்போல வண்டி ஓட்டலாம், மூட்டை ஏற்றலாம். விதையில் சுரக்கும் ஹார்மோன் நேராக ரத்தத்தில் கலக்கிறது, ஆபரேஷனில் அடைக்கும் விந்துக்குழாய் வழியாகப் போவதில்லை. ஆசையும் குறையாது, விறைப்பும் குறையாது, விந்தும் வரும். விந்தணு மட்டும் இருக்காது. முதல் மூன்று மாதம் ஆணுறை போட்டு, அப்புறம் விந்துப் பரிசோதனையில் விந்தணு இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இந்தப் பத்தியை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

அத்தையும் ஸ்கேனும்

அத்தை உங்களைக் குறை சொல்வதாகவும், அடுத்த தடவை "தெரிஞ்ச இடத்துல ஸ்கேன் பாத்துக்கலாம்" என்று சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது தகப்பனின் விந்தணு. பாலினத்தை முடிவு செய்யும் குரோமோசோம்களில் தாயின் முட்டையில் எக்ஸ் மட்டும்தான் இருக்கும். விந்தணு எக்ஸ் கொண்டுவந்தால் பெண், ஒய் கொண்டுவந்தால் ஆண். அவராலும் அதைத் தீர்மானிக்க முடியாது, எனவே அவரையும் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. உங்களிடம் மூன்றாவது பையனாக இருக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது.

கருவின் பாலினத்தைச் சொல்வது 1994-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சொல்லும் மருத்துவருக்கும், கேட்டுப் போகும் உறவினருக்கும் சிறை உண்டு. பெண்ணைப் பொறுத்தவரை, கணவரும் உறவினரும் கட்டாயப்படுத்தித்தான் போயிருப்பாள் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. நம் சேலம் மாவட்டம் இந்த விஷயத்தில் நிறைய இழந்த மாவட்டம். பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை இங்கேதான் தொடங்க வேண்டியிருந்தது. உங்கள் அத்தை அந்தக் காலத்தில் மருமகளாக இருந்தவர். அவர் பேச்சை நான் ஏற்கவில்லை, ஆனால் அவரிடம் வாதாடி ஜெயிக்க வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை. "உடம்புல ரத்தம் இல்ல, ரெண்டு வருஷம் தங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க" என்று சொல்லுங்கள். பரிசோதனையில் ரத்தசோகை என்று வந்தால் அதைத்தான் நானும் சொல்வேன், பொய் சொன்னதாகாது.

நீங்கள் கேட்கத் தயங்கியது

உறவின்போது வலிப்பதற்கு உடல் காரணம் இருக்கலாம். மாத்திரைக்குப் பிறகு நோய்த்தொற்று ஏற்பட்டிருந்தால் ஆழத்தில் வலிக்கும். பால் கொடுக்கும் காலத்தில் ஈரம் குறைந்து வாசலில் எரியும். எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். பெண் மருத்துவர்தான் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். நோய்த்தொற்று என்றால் மாத்திரையிலேயே குணமாகும், சில சமயம் கணவருக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

பயத்துக்கு வேறு காரணம் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் 'மறுபடி தங்கிவிட்டால்?' என்று நினைத்துக்கொண்டு படுக்கும் உடம்பு தானாக இறுகிக்கொள்ளும். இறுகினால் வலிக்கும், வலித்தால் அடுத்த தடவை இன்னும் இறுகும். உங்கள் மனதில் ஏதோ கோளாறு என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி எதுவும் இல்லை. நம்பிக்கையான கருத்தடை ஒன்று கைவந்ததும் பெரும்பாலான பெண்களுக்கு இந்தப் பயம் மெல்ல இறங்கிவிடுகிறது. அதுவரைக்கும், சிகிச்சை முடியும்வரைக்கும், "இப்போ வேண்டாம், வலிக்குது" என்று சொல்லுங்கள். மனைவி மறுக்கக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் உங்கள் உடம்பின் வலியை அனுபவித்தவர்கள் அல்ல. இணங்கியே ஆக வேண்டும் என்று அவர் வற்புறுத்தினால், அது குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் வரும் விஷயம். 181-ல் அதற்கும் உதவி கேட்கலாம்.

இடையில் மறுபடி ஏதாவது ஆனால்

ஊசி போடும் வரை ஆணுறை வேண்டும். கிராம சுகாதார செவிலியரிடம் இலவசமாகக் கிடைக்கும். அது கிழிந்துவிட்டாலோ போடாமல் விட்டாலோ, 72 மணி நேரத்துக்குள் அவசரக் கருத்தடை மாத்திரை ஒன்று சாப்பிடலாம். எவ்வளவு சீக்கிரம் சாப்பிடுகிறீர்களோ அவ்வளவு பலன். இது கருவைக் கலைக்கும் மாத்திரை அல்ல, முட்டை வெளியாவதைத் தள்ளிப்போடுவது. இதற்கு மருத்துவர் சீட்டும் தேவையில்லை. ஆனால் தமிழ்நாட்டில் பல மருந்துக் கடைகள் இதை வைத்திருப்பதே இல்லை. கலைக்கும் மாத்திரை சீட்டு இல்லாமல் கிடைக்கிறது, சீட்டு தேவைப்படாத இது கிடைப்பதில்லை. அலைந்து நேரத்தை வீணாக்காமல் நேராகச் சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ கேளுங்கள்.

நாள் தள்ளிப்போனால் ஒரு வாரத்துக்குள் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். தங்கியிருந்து, உங்களுக்கு வேண்டாம் என்றால், மறுபடி மெடிக்கலுக்கு ஆள் அனுப்பாதீர்கள். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும் என்று இன்றைய சட்டம் சொல்கிறது. கருத்தடை முறை தோற்றுப்போய் உண்டான கர்ப்பத்தையும் அது ஒரு காரணமாக ஏற்றுக்கொள்கிறது. ஆனால் 9 வாரத்துக்குள் வந்தால்தான் மாத்திரையாலேயே முடியும், அதனால் நாளைக் கடத்தக் கூடாது. சேலம் அரசு மருத்துவமனையில் இதற்குக் காசு கேட்க மாட்டார்கள். ஆதார் அட்டை, பழைய பரிசோதனைச் சீட்டுகள் இருந்தால் எடுத்துக்கொண்டு காலையிலேயே புறநோயாளிப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். அங்கேயும் கையெழுத்துப் போட வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான்.